கடல் தாண்டிய அனிமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பார்ப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகள் ராப்பகலாக அனிமே பார்ப்பதைக் கண்டு எரிச்சலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஜப்பானுக்குள் அனிமே வளர்ந்த கதை இங்கே இல்லை. வெளிநாடு போன பிறகு அதற்கு என்ன ஆனது, போன ஊர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜப்பான் திட்டம் போட்டு உலகத்தைப் பிடிக்கவில்லை. மலிவாக வாங்கி, வெட்டி, பெயர் மாற்றி, தங்கள் மொழியில் பேச வைத்த உள்ளூர்க்காரர்கள்தான் பாதி வேலையைச் செய்தார்கள்.

முதலில் வெளிநாடு போன அனிமே எது?

1961-லேயே சில படங்கள் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போயின, பெரிதாக ஓடவில்லை. தொலைக்காட்சித் தொடர் என்று பார்த்தால் ஜப்பானியச் சித்திரக்காரர் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்'தான் வழி திறந்தது. ஜப்பானில் 1963 ஜனவரி 1 அன்று தொடங்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஓட ஆரம்பித்துவிட்டது. மொத்தம் 193 எபிசோடுகள். அதில் 104-ஐத்தான் அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் டப் செய்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஜப்பானிய சேனலுக்குத் தொடரை அடக்க விலைக்கும் கீழே தெசுகா விற்றார். பொம்மை, மிட்டாய் விளம்பரம், வெளிநாட்டு விற்பனை இவற்றிலிருந்து நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது யோசனை. ஆக, தொலைக்காட்சி அனிமே பிறந்த நாளிலிருந்தே வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்துத்தான் வாழ்ந்திருக்கிறது. அந்தக் குறைந்த விலைப் பழக்கம் இன்றுவரை படம் வரைபவர்களின் சம்பளத்தைக் கடிக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எல்லா நாடுகளும் ஏன் வாங்கிக் குவித்தன? அவ்வளவு பிடித்துப்போனதா?

பிடித்தது பிறகு. முதலில் விலை. இத்தாலியில் 1976-இல் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உள்ளூர் தனியார் சேனல்களுக்கு வழி விட்டது. புற்றீசல் மாதிரி கிளம்பிய அந்தச் சேனல்களுக்கு நாள் முழுக்கப் போட ஏதாவது வேண்டும். அமெரிக்கத் தொடர்களைவிட மலிவாகவும் மூட்டை மூட்டையாகவும் கிடைத்தது ஜப்பானியச் சரக்கு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் கிட்டத்தட்ட இதே காலம், காரணமும் அதே மலிவு.

ஆனால் மலிவாக வந்தது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அன்றைய அமெரிக்கக் கார்ட்டூனில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. பூனை நசுங்கும், அடுத்த நிமிடம் எழுந்து ஓடும். ஜப்பானியத் தொடரில் கதை வாரக்கணக்கில் நீளும், அப்பா செத்தால் செத்ததுதான், வில்லனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். மெகா சீரியல் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. 1978-இல் பத்து வயதுப் பிரெஞ்சுப் பையனுக்கு இது பேரதிர்ச்சி.

'ஹைடி' ஜப்பானிய அனிமேவா? நிஜமாகவா?

நிஜம்தான். சுவிஸ் நாவலை வைத்து 1974-இல் எடுத்தது. இயக்குநர் இசாவோ தகாஹாதா; காட்சி அமைப்புகளை வரைந்தவர் ஹயாவோ மியாசாகி. பின்னாளில் ஜிப்லி என்ற அனிமே ஸ்டுடியோவை உருவாக்கியவர்கள் இவர்கள். மலையும் குடிசையும் சரியாக வர வேண்டும் என்று குழுவோடு சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். 1977-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்தபோது அதற்கு ஜெர்மன் மொழியில் தனியாக ஒரு தொடக்கப் பாட்டு போட்டார்கள். பல குழந்தைகள் அதைத் தங்கள் நாட்டுப் படம் என்றே நினைத்து வளர்ந்தார்கள். தேனீ மாயாவும் வைக்கிங் சிறுவன் விக்கியும் இதே வகைதான். ஐரோப்பியக் கதை, ஜப்பானியர் வரைந்து, ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தது.

டப்பிங்கில் கதையையே மாற்றினார்கள் என்கிறார்களே?

மாற்றினார்கள் என்பது மென்மையான சொல். 'காட்சமான்' 105 எபிசோடுகள் கொண்ட தொடர். அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' அலை அடித்துக்கொண்டிருந்த 1978-இல், அதை 85-ஆகக் குறைத்து, சாவுகளை நீக்கி, பூமியில் நடந்த கதையை வேறு வேறு கிரகங்களில் நடப்பதாக ஆக்கினார்கள். வெட்டியதால் விழுந்த ஓட்டைகளை அடைக்க மூலத்தில் இல்லாத ஒரு ரோபோவைப் புதிதாக வரைந்து நடுநடுவே பேச விட்டார்கள். பெயர் 'பேட்டில் ஆஃப் த பிளானட்ஸ்'.

1985-இல் வந்த 'ரோபோடெக்' இன்னும் தைரியமான வேலை. வார நாட்களில் தினமும் ஒளிபரப்ப வேண்டுமானால் குறைந்தது 65 எபிசோடுகள் தேவை. கையில் இருந்த 'மேக்ராஸ்' என்ற ஜப்பானியத் தொடரில் இருந்தது 36 மட்டுமே. அமெரிக்கத் தயாரிப்பாளர் கார்ல் மேசெக் என்ன செய்தார்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை எடுத்து, மூன்று தலைமுறைக் கதை என்று ஒரே தொடராகத் தைத்துவிட்டார். 85 எபிசோடுகள் தேறின. மூலத்தின் மீது பற்றுள்ளவர்கள் அவரை வருடக்கணக்கில் திட்டினார்கள். ஆனால் ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் அனிமே பக்கம் வந்ததே அந்தத் தையல் வேலையால்தான். என் ஓட்டு மேசெக்குக்கு.

சில மாற்றங்கள் சிரிப்பை மூட்டுபவை. ஆங்கில 'போகிமான்' தொடரில் கையில் வெள்ளை வெளேரென்று சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு, ஜெல்லி வைத்த டோனட் என்று ஒரு பாத்திரம் சொல்லும். இணையத்தில் இன்றும் அதை வைத்துக் கேலி ஓடுகிறது.

அனிமேவைத் தடை செய்த நாடுகள் உண்டா?

உண்டு. பிலிப்பைன்ஸில் ராணுவச் சட்டம் இருந்த காலம். 'வோல்டஸ் ஃபைவ்' என்ற ரோபோ தொடர் ஓடும் நேரத்தில் தெருவில் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. 1979-இல், முடிவுக்குச் சில எபிசோடுகளே இருந்தபோது, அதிபர் மார்கோஸ் இதையும் இதைப் போன்ற பிற ரோபோ தொடர்களையும் நிறுத்தினார். சொன்ன காரணம் வன்முறை. ஆனால் கதையின் முடிவில் ஒடுக்கப்பட்ட மக்கள் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்து எழுகிறார்கள். நிஜக் காரணம் அதுதான் என்று பிலிப்பினோக்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். 1986-இல் மார்கோஸ் நாட்டை விட்டு ஓடிய பிறகு தொடர் திரும்ப வந்தது. 2023-இல் அங்குள்ள ஜிஎம்ஏ சேனல் அதையே நடிகர்களை வைத்து 'வோல்டஸ் ஃபைவ்: லெகசி' என்று எடுத்தது. ஜப்பானில் சாதாரணமாக வந்து போன தொடர், பிலிப்பைன்ஸில் தேசிய நினைவு.

பிரான்சில் தடை இல்லை, சண்டை இருந்தது. 1978 ஜூலையில் 'கோல்டோராக்' என்ற பெயரில் வந்த ரோபோ தொடர் நாட்டையே பைத்தியமாக்கியது. கூடவே பெற்றோர், ஆசிரியர்களின் புகார்களும் வந்தன. பத்து வருடம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை: பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்ற செகோலென் ருவயால், 1989-இல் ஜப்பானியக் கார்ட்டூன்களின் வன்முறையைச் சாடி ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள்? இரண்டு பேர் 'டாஃப்ட் பங்க்' என்ற இசைக்குழு ஆனார்கள். சின்ன வயதில் பார்த்த விண்வெளிக் கொள்ளையன் தொடரை உருவாக்கிய லெய்ஜி மாட்சுமோட்டோவையே ஜப்பானுக்குப் போய்த் தேடிப் பிடித்து, தங்கள் ஆல்பம் முழுவதற்கும் ஓர் அனிமே படம் செய்தார்கள். 'இன்டர்ஸ்டெல்லா 5555', 2003-இல் வெளிவந்தது. இன்று பாரிஸ் அருகே நடக்கும் 'ஜப்பான் எக்ஸ்போ'வுக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அரபு நாடுகளில் அனிமே அவ்வளவு பெரிய விஷயமா?

நம் ஊரில் பலருக்கு இது தெரியாது. பிரான்சில் 'கோல்டோராக்' ஆன அதே தொடர் லெபனானில், உள்நாட்டுப் போரின் நடுவே, அரபியில் டப் ஆனது. பெயர் 'கிரெண்டைசர்'. வேற்றுக் கிரகத்தார் வந்து தன் நாட்டை அழித்ததால் அகதியான இளவரசன் ஒருவன் பூமியைக் காப்பதுதான் கதை. குண்டுச் சத்தத்துக்கு இடையே அதைப் பார்த்த குழந்தைகளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? சாமி கிளார்க் பாடிய அதன் தொடக்கப் பாட்டை ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் மனப்பாடமாகப் பாடுவார்கள்.

இன்னொன்று. அரபு நாடுகளில் தெருப்பேச்சு ஊருக்கு ஊர் வேறு. ஆகவே எல்லோருக்கும் பொதுவான இலக்கண அரபியில் டப் செய்தார்கள். டிவியில் ரோபோ ஓட்டுபவன் செந்தமிழில் முழங்குவது போல வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைவிடக் கார்ட்டூனிலிருந்துதான் நல்ல அரபி வந்தது என்று சொல்லும் அரபுக்காரர்கள் நிறையப் பேர்.

2022-இல் ரியாத்தில் 33.7 மீட்டர் உயரத்தில் கிரெண்டைசர் சிலை வைத்தார்கள். 2024-இல் சவூதி நிறுவனமான மங்கா புரொடக்ஷன்ஸின் பங்கோடு புதிய கிரெண்டைசர் தொடரே ஜப்பானில் வந்துவிட்டது. ஒரு காலத்தில் வாங்கிப் பார்த்தவர்கள் இப்போது எடுக்கச் சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள்.

ஃபுட்பால் வீரர்கள் அனிமே பார்த்து விளையாட வந்தார்கள் என்பது கட்டுக்கதைதானே?

இல்லை. யோய்ச்சி தகாஹாஷி 1981-இல் 'கேப்டன் சுபாசா' என்ற ஃபுட்பால் மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடங்கியபோது ஜப்பானில் தொழில்முறை லீக்கே கிடையாது. ஜே லீக் வந்தது 1993-இல். அனிமே ஆன பிறகு அது போகாத ஊரில்லை. ஸ்பெயினில் நாயகன் சுபாசாவின் பெயர் ஆலிவர், இத்தாலியில் ஹாலி, அரபியில் கேப்டன் மாஜித். ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ டோரஸ், தான் ஃபுட்பாலுக்கு வந்ததற்கு இந்தத் தொடரும் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். இனியெஸ்டாவும் ரசிகர். இருவரும் 2018-இல் ஜப்பானிய கிளப்புகளுக்கே ஆடப் போனார்கள்.

தொடரில் வரும் மைதானம், ஒரு பெனால்டி ஏரியாவிலிருந்து அடுத்த பெனால்டி ஏரியா வரை போய்ச்சேர ஒரு எபிசோடு ஆகும் அளவுக்கு நீளம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

2004-இல் ஈராக்கின் சமாவா நகரில் ஜப்பானியப் படை தண்ணீர் வழங்கும் பணியில் இருந்தபோது, தண்ணீர் லாரிகளில் கேப்டன் மாஜித் படத்தை ஒட்டினார்கள். மக்களுக்குப் பிரியமான முகம் என்பதால்தான். ராஜதந்திரிகள் கற்பனை செய்திருக்க முடியாத உபயோகம் இது.

லத்தீன் அமெரிக்காவில் 'டிராகன் பால்' மேல் ஏன் அப்படி வெறி?

இலவச சேனலில், மாலை நேரத்தில், நல்ல டப்பிங்கோடு வந்ததால். மெக்ஸிகோவில் செய்த ஒரே ஸ்பானிஷ் டப் அங்கிருந்து சிலி, அர்ஜென்டினா வரை ஓடியது. நாயகன் கோகு என்றால் அங்கே எல்லோருக்கும் மாரியோ காஸ்தன்யேதாவின் குரல்தான். 2018 மார்ச்சில் 'டிராகன் பால் சூப்பர்' முடிவை நெருங்கியபோது, மெக்ஸிகோவின் நகராட்சிகள் நகரச் சதுக்கங்களில் பெரிய திரை கட்டி இலவசமாகக் காட்டின. ஆயிரக்கணக்கில் கூட்டம். உரிமை வைத்திருக்கும் தோயி நிறுவனம் அனுமதி தரவில்லை என்று அறிக்கை விட்டது, கூட்டம் கூடியதுதான். 2024 மார்ச்சில் 'டிராகன் பால்' கதையைப் படைத்த அகிரா தோரியாமா மறைந்த செய்தி வந்தபோது பியூனஸ் அயர்ஸில் ரசிகர்கள் திரண்டு, கோகு சக்தி திரட்டுவது போல வானத்தை நோக்கிக் கை உயர்த்தி நின்றார்கள்.

ஹாலிவுட் எவ்வளவு கடன் பட்டிருக்கிறது?

நிறைய. 'த மேட்ரிக்ஸ்' எடுப்பதற்கு முன் அதன் இயக்குநர்களான வச்சாவ்ஸ்கிகள், தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்கு மாமோரு ஓஷியின் 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தைப் போட்டுக் காட்டி, இதை நிஜ மனிதர்களை வைத்து எடுக்கப்போகிறோம் என்றார்கள். திரையில் பச்சை எழுத்துகள் ஓடுவதையும், பின்கழுத்தில் வயர் செருகுவதையும் இரண்டு படத்திலும் பாருங்கள்.

'லயன் கிங்' விவகாரம் அவ்வளவு நேரானதல்ல. தெசுகாவின் வெள்ளைச் சிங்கக் கதை அமெரிக்காவில் 1960-களில் 'கிம்பா' என்ற பெயரில் ஓடியது. 1994-இல் டிஸ்னி படம் வந்ததும், ஜப்பானியச் சித்திரக்காரர்கள் பலர் சேர்ந்து டிஸ்னிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். டிஸ்னி மறுத்தது. தெசுகாவின் நிறுவனம் வழக்குப் போடவில்லை. தெசுகாவே டிஸ்னியின் 'பாம்பி'யைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரையப் பழகியவர். ஆகையால் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற கணக்கை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

நமக்குப் பிடித்த ஒரு துணுக்கு: குவென்டின் டாரன்டினோவின் 'கில் பில்' முதல் பாகத்தில் வரும் அனிமே பகுதியைச் செய்தது ஜப்பானின் புரொடக்ஷன் ஐ.ஜி. ஆனால் படத்தின் நடுவே வன்முறையைச் சித்திரமாகக் காட்டும் யோசனை கமல்ஹாசன் நடித்த 'ஆளவந்தா'னின் இந்தி வடிவத்தைப் பார்த்து வந்தது என்று டாரன்டினோ தன்னிடம் சொன்னதாக அனுராக் காஷ்யப் கூறியிருக்கிறார்.

'போகிமான்' பார்த்துக் குழந்தைகள் மயங்கி விழுந்தார்களாமே?

1997 டிசம்பர் 16, ஜப்பானில். சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பெரும்பாலும் குழந்தைகள். அந்த எபிசோடு ஜப்பானுக்கு வெளியே ஒளிபரப்பாகவே இல்லை. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் தொடர் 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் இறங்கி, அடுத்த ஆண்டே டைம் பத்திரிகையின் அட்டையில் ஏறியது.

போராட்டங்களில் 'ஒன் பீஸ்' கொடி ஏன்?

2025-இல் பெரிதாகப் பரவிய விஷயம். 'ஒன் பீஸ்' 1997 முதல் எயிச்சிரோ ஓடா வரைந்துவரும் மங்கா. வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓடுதான் நாயகன் லூஃபியின் கடற்கொள்ளைக் கொடி. இந்தோனேசியாவின் 80-ஆவது சுதந்திர தினம் ஆகஸ்ட் 17 அன்று. அதற்கு முந்தைய வாரங்களில் அரசின் மேல் கசப்பில் இருந்த லாரி ஓட்டுநர்கள் தேசியக் கொடிக்குப் பதிலாக இதைப் பறக்கவிட ஆரம்பித்தார்கள். பிறகு வீடுகளிலும் ஏறியது. தேசத்துரோகம் என்று சில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். கொதித்ததுமே கொடி இன்னும் பரவியது.

அடுத்த மாதம் நேபாளம். சமூக ஊடகத் தடைக்கும் ஊழலுக்கும் எதிராக இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். செப்டம்பர் 9 அன்று பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரின் வாயிலில் அதே வைக்கோல் தொப்பிக் கொடி தொங்கியது. பிறகு மடகாஸ்கரில், தொப்பியை மட்டும் உள்ளூர்த் தொப்பியாக மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் இந்தக் கொடி? கட்சிக் கொடி என்றால் பிரிவினை வரும். இதற்குக் கட்சி இல்லை. மதமும் இல்லை. தடை செய்தால் தடை செய்தவர்தான் கேலிப்பொருள் ஆவார். அப்புறம், கதையே அதைத்தான் சொல்கிறது: தன் தோழியைக் காப்பாற்ற, உலக அரசின் கொடியைச் சுட்டு எரிக்கச் சொல்லி லூஃபி உத்தரவிடும் ஒரு காட்சி உண்டு. பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மார்கோஸ் பயந்தது வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

இதில் ஜப்பான் அரசின் பங்கு என்ன?

ரயில் கிளம்பிய பிறகு ஓடி வந்து ஏறியது. 2008-இல் வெளியுறவு அமைச்சகம் டோரேமானை அனிமே தூதராக நியமித்தது. 2013-இல் அரசுப் பணத்தோடு 'கூல் ஜப்பான்' நிதியம் தொடங்கினார்கள். அது நஷ்டத்துக்குத்தான் பேர் போனது.

தமிழில் பார்க்கலாமா?

இப்போது பார்க்கலாம். அனிமே ஓடிடி தளமான கிரஞ்சிரோல் 2023 முதல் தமிழ் டப் தருகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழிலும் தியேட்டர்களுக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் யூகோ சாகோவின் ராமாயணப் படம் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் திரைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் சேர்ந்து செய்த படம் அது. ராமனைக் கார்ட்டூனாக வரைவதா என்று அப்போது இங்கே எதிர்ப்பு எழுந்ததால் வேலையின் பெரும்பகுதி ஜப்பானிலேயே நடந்தது. முதல் வெளியீட்டில் இந்தியத் தியேட்டர்கள் அதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள்தான் முப்பது வருடம் அதை மறக்காமல் வைத்திருந்தார்கள்.

தமிழ் டப் தரம் பற்றிக் கேட்டால்: குரல்கள் நன்றாக இருக்கின்றன, வசனம் இன்னும் ஆங்கில சப்டைட்டிலை விட்டு வெளியே வரவில்லை. சிறுவர் சேனல்களுக்கு டப் செய்தவர்கள் எடுத்துக்கொண்ட உரிமையில் பாதியாவது எடுத்துக்கொண்டால் தேவலை.

இவ்வளவு பணமும் யாருக்குப் போகிறது?

2023-இல் அனிமே சந்தையின் அளவு சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல், சுமார் 1.7 லட்சம் கோடி, வெளிநாட்டிலிருந்து. பெரும்பாலான தொடர்களுக்கு சேனல், பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்த ஒரு தயாரிப்புக் குழு முதலீடு செய்கிறது. லாபமும் அங்கேதான் போகிறது. படத்தை உண்மையில் செய்த ஸ்டுடியோ அந்தக் குழுவில் பங்கு போடவில்லை என்றால், தொடர் உலகமெங்கும் ஓடினாலும் அதற்குக் கிடைப்பது முதலில் பேசிய கூலி மட்டுமே. அசைவுக்கு இடையில் வரும் படங்களை வரையும் புதியவர்களுக்கு இன்னும் படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

அந்த வேலையில் பெரும் பங்கு இப்போது ஜப்பானிலும் நடப்பதில்லை. கொரியா, சீனா, வியட்நாம் போகிறது. தோயி நிறுவனம் 1980-களிலிருந்தே மணிலாவில் ஆள் வைத்து வரைகிறது. 'வோல்டஸ் ஃபைவ்' தடை செய்யப்பட்ட அதே பிலிப்பைன்ஸில்.